சரளைப் பாதையில் இருபது சிப்பாய்கள்

1896-ஆம் ஆண்டில் எஃப். ஜே. ஹேய்ன்ஸ் என்னும் நிழற்படக் கலைஞர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வனப்பகுதியில் எடுத்த படங்கள் சில நமக்குக் கிடைத்துள்ளன. மாமத் வெந்நீர் ஊற்றுகளை அடுத்துச் சுண்ணப் படிவுகள் படிக்கட்டுகளாக உறைந்து நிற்கும் மினர்வா மேடை. அதன்மேல் சீருடை அணிந்த கறுப்பினச் சிப்பாய்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மிதிவண்டி. வண்டியின் கைப்பிடியில் சுருட்டிக் கட்டிய போர்வையும் கூடாரத் துணியும். குதிரைகள் நிற்க வேண்டிய இடத்தில் மிதிவண்டிகள் நிற்பதைக் காணும்போது ஏதோ விளையாட்டுக்காக எடுத்த படம் என்றே முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் அவர்கள் அங்கே வந்து சேர்ந்தது மலைகளையும் கணவாய்களையும் அந்த வண்டிகளிலேயே கடந்து.

மேலைநாடுகளில் ‘கிராவல்’ சைக்கிள் பயணம் இன்று ஒரு பெரும் ஈடுபாடாக வளர்ந்திருக்கிறது. தார் போடாத சரளைப் பாதைகள், காட்டிலாகாத் தடங்கள், மலையடிவாரங்கள், கணவாய்கள் ஆகியவற்றின் வழியே அகன்ற டயர் பூட்டிய வண்டியில் நெடுந்தொலைவு செல்வதற்கு அப்பெயர். கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006-இல் சிறு அளவில் தொடங்கிய பந்தயம் ஒன்று, பின்னர் உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோரை ஈர்க்கும் நிகழ்ச்சியாயிற்று. ராக்கி மலைத்தொடரின் நீர்பிரி மேட்டை ஒட்டிக் கனடாவிலிருந்து மெக்சிகோ எல்லை வரை செல்லும் நெடும்பாதை ஒன்று 1990-களில் வரையப்பட்டது. அதை வரைந்த சைக்கிள் சங்கம் மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. நாம் சொல்லவரும் கதையும் அதே மிசூலாவில்தான் தொடங்குகிறது. இன்றைய பயணி நல்ல சாலையை விட்டு விலகிக் கடினமான பாதையைத் தேடிச் செல்கிறார். 1896-இல் அப்படித் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. இருந்த பாதைகள் எல்லாமே அப்படித்தான் இருந்தன.

உள்நாட்டுப் போருக்குப்பின் அமெரிக்க இராணுவத்தில் கறுப்பின மக்களுக்கெனத் தனிப் படையணிகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான 25-ஆவது காலாட்படை 1869-இல் உருவாயிற்று. சிப்பாய்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். 1888-இல் இப்படை மொன்டானாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே சுரங்கத் தொழிலாளரின் கலகத்தை அடக்கவும், 1894-ஆம் ஆண்டின் பெரும் இரயில்வே வேலைநிறுத்தத்தின்போது தண்டவாளங்களைக் காக்கவும் இவர்கள் அனுப்பப்பட்டார்கள். அதே 1894-இல் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கழகத்தில் தேறி வெளிவந்தவர் லூசியானாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மாஸ். வகுப்பில் அவருக்குக் கடைசி இடம். தரவரிசையில் பின்தங்கியவர்களுக்குப் பெரும்பாலும் கறுப்பினப் படையணிகளே கிடைக்கும் என்பது அன்றைய நடைமுறை. மாஸ் மிசூலாக் கோட்டைக்கு வந்து சேர்ந்தது அவ்வாறுதான்.

அது மிதிவண்டிப் பித்து தலைக்கேறியிருந்த காலம். சம அளவுள்ள இரு சக்கரங்களைக் கொண்ட ‘பாதுகாப்பு’ வண்டி வந்துவிட்டது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். ஐரோப்பியப் படைகள் மிதிவண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தன. அமெரிக்கப் படைத்தலைவர் நெல்சன் மைல்ஸுக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. குதிரைக்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், ஓய்வு வேண்டும். அது கனைக்கும், மிரளும், கட்டை அறுத்துக்கொண்டு ஓடும். மிதிவண்டிக்கு இவை எதுவுமில்லை என்பது மாஸின் வாதம். மலைநாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க அவர் அனுமதி கேட்டார். 1896 மே மாதத்தில் அனுமதி கிடைத்தது.

அந்த மே மாதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அமெரிக்க உச்சநீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பு வழங்கியதும் அதே மாதத்தில்தான். ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்னும் பொய்க்குச் சட்டத்தின் முத்திரை விழுந்தது அன்று. வழக்கு எழுந்ததோ மாஸின் சொந்த மாநிலமான லூசியானாவில், இரயில் பெட்டியில் யார் எங்கே உட்காரலாம் என்பது குறித்து. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1894-இல், நாட்டின் மிகப்பெரிய மிதிவண்டிச் சங்கமான அமெரிக்கச் சக்கரவோட்டிகள் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என விதி செய்திருந்தது. நல்ல சாலைகள் வேண்டுமென்று நாடெங்கும் இயக்கம் நடத்திய சங்கம் அது. அந்த விதி முறைப்படி நீக்கப்பட்டது 1999-இல். 1899-இல் மான்ட்ரியாலில் உலக வாகையர் பட்டம் வென்ற மேஜர் டெய்லர் என்னும் கறுப்பின ஓட்டக்காரர் அந்த விதியின் நிழலில்தான் வென்றார். எனவே மிசூலாவில் எட்டுச் சிப்பாய்கள் மிதிவண்டியில் ஏறியபோது, அந்த வண்டியின் பெயரால் இயங்கிய சங்கத்தின் கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்டே இருந்தது.

வண்டிகளை ஸ்பால்டிங் நிறுவனம் இராணுவத்துக்குச் செலவின்றிக் கொடுத்தது. அந்நிறுவனத்துக்கு இது விளம்பரம். எஃகுச் சக்கரவிளிம்புகள், சங்கிலிக்கு மூடி எனக் கரடுமுரடான பாதைக்கென வலுப்படுத்தப்பட்ட வண்டிகள் அவை. கியர் மாற்றும் வசதி கிடையாது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே பல்சக்கரம். கைப்பிடியில் போர்வைச் சுருளும் கூடாரத் துணியும். வண்டிச் சட்டத்தின் நடுவே உள்ள இடைவெளிக்குள் பொருந்துமாறு செய்த கெட்டிப் பெட்டியில் உணவு: காய்ந்த ரொட்டி, உப்பிட்ட பன்றி இறைச்சி, டப்பாவில் அடைத்த அவரை, காப்பித்தூள், சர்க்கரை. இன்றைய பயணிகள் அதே இடத்தில் அதே வடிவில் துணிப்பை மாட்டுகிறார்கள். ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று விற்கிறார்கள். மாற்று உதிரிகளையும் கருவிகளையும் சிப்பாய்கள் தம்மோடு எடுத்துச் சென்றார்கள். உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் காட்சி புறநானூற்றின் 102-ஆம் பாடலில் வரும். மேடும் பள்ளமும் முன்கூட்டித் தெரியாத வழியில் வண்டி செலுத்துவோரின் அச்சம் எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

பயிற்சி கடுமையாகவே இருந்தது. நாள்தோறும் பல மைல் ஓட்டம். ஒன்பதடி உயர வேலியை வண்டியோடு தாண்ட வேண்டும். பழகியபின் அதற்கு இருபது விநாடிகள் போதுமாயிற்று. ஆறு குறுக்கிட்டால் வண்டியை உருட்டிக் கடப்பார்கள். ஆழமானால் ஒரு கழியில் மாட்டி, இருவர் தோளில் வைத்துச் சுமப்பார்கள்.

1896 ஆகஸ்டில் முதல் நெடும்பயணம். மிசூலாவுக்கு வடக்கே மிஷன் மலைகளின் அடிவாரத்தில் உள்ள மக்டொனால்டு ஏரிக்குச் சென்று திரும்பினார்கள். 126 மைல். வழியெல்லாம் மழை. டயர்கள் பஞ்சராயின, சங்கிலிகள் அறுந்தன, பெடல்கள் கழன்றன. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே சேறு அடைத்துக்கொள்ள, வண்டி ஓட்டியவனைச் சுமப்பதற்கு மாறாக ஓட்டியவன் வண்டியைச் சுமந்தான். திரும்பி ஒரு வாரம்கூட ஆகுமுன் யெல்லோஸ்டோனுக்குப் புறப்பட்டார்கள். போக வர ஏறத்தாழ 800 மைல். தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட படங்கள் அப்பயணத்தின் பயனாக விளைந்தவை. அவற்றில் நிற்பவர்களுள் ஒருவரான ஜான் ஃபின்ட்லி வண்டி பழுதுபார்ப்பதில் வல்லவர். படையில் சேருமுன் மிதிவண்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் இல்லையேல் படையின் பாதி வண்டிகள் காட்டிலேயே கிடந்திருக்கும் என்பது எம் ஊகம்.

1897-இல் மாஸ் இதைவிடப் பெரிய சோதனைக்கு அனுமதி பெற்றார். மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் நகருக்கு 1,900 மைல், அதாவது மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். மலை, சேறு, பாலை, சமவெளி என எல்லா நிலங்களும் வழியில் வரவேண்டும் என்பதற்காகவே அந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜூன் 14 அன்று விடியற்காலையில் இருபது சிப்பாய்கள் புறப்பட்டார்கள். உடன் மாஸ், மருத்துவர் ஜேம்ஸ் கென்னடி, மிசூலா நாளிதழின் இளம் செய்தியாளர் எட்வர்டு பூஸ். சிப்பாய்களுக்கு நாயகர் சார்ஜன்ட் மிங்கோ சாண்டர்ஸ். தென் கரோலினாக்காரர், 1880-களின் தொடக்கத்திலிருந்தே படையில் இருந்தவர், குழுவில் மூத்தவர்களுள் ஒருவர். ஒரு கண்ணில் பார்வைக் குறை. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சுமையேற்றிய ஒவ்வொரு வண்டியின் எடை சராசரியாக 59 பவுண்டு, ஏறத்தாழ 27 கிலோ. தோளில் பத்துப் பவுண்டுத் துப்பாக்கி. இடையில் 50 தோட்டாக்கள் கொண்ட வார். இரண்டு நாள் உணவு மட்டுமே கையில். ஏறத்தாழ நூறு மைலுக்கு ஓரிடமாக இரயில் நிலையங்களில் மீதி உணவு முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தது. நூறு மைலை இரண்டு நாளில் கடந்தாக வேண்டும், தவறினால் பட்டினி.

முதல் பெருந்தடை முல்லன் கணவாய். 1859-60-இல் ஜான் முல்லன் என்னும் இராணுவப் பொறியாளர் ராக்கி மலைகளின் குறுக்கே வெட்டிய வண்டித்தடம் அது. உயரம் ஏறத்தாழ 5,900 அடி. ஊசியிலைக் காட்டின் ஊடே ஏறும் அந்தத் தடம் கண்டத்தின் நீர்பிரி மேட்டைக் கடக்கிறது. மேற்குச் சரிவில் விழும் மழை பசிபிக் கடலை நோக்கி ஓடும். கிழக்குச் சரிவின் நீர் மிசோரி ஆற்றில் கலந்து, செயின்ட் லூயிஸுக்குச் சற்று வடக்கே மிசிசிப்பியைச் சேரும். ஆக, கணவாயின் உச்சியை அடைந்த சிப்பாய் தான் போய்ச் சேரவேண்டிய ஊரைக் கடந்து செல்லும் நீரின் தலைமாட்டில் நின்றான். ஆனால் அதை எண்ணிப் பார்க்கும் நிலையில் அவன் இருந்திருக்கமாட்டான். ஜூன் மாதத்திலும் உச்சியில் பனி கிடந்தது. வண்டியை ஓட்ட இயலாமல் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். அவர்களுடைய காலடிக்குக் கீழே, 1883-இல் முடிந்த சுரங்கப்பாதை வழியே நார்தர்ன் பசிபிக் இரயில் போய்க்கொண்டிருந்தது. படையை இரயிலில் ஏற்றி அனுப்பியிருந்தால் சில நாட்களில் செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்திருக்கலாம். போய்ச் சேர்வது அங்கே நோக்கமாக இருக்கவில்லை.

கணவாயைக் கடந்தபின் சேறு. மழையில் நனைந்த மொன்டானாவின் களிமண்ணை அப்பகுதியினர் ‘கம்போ’ என்பார்கள். நம் கரிசல் காட்டில் மழைநாளில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு அது எத்தகையது என விளக்க வேண்டியதில்லை. மட்கார்டு இருந்தால் அதிலும் அடைக்கும், இல்லாவிட்டால் சட்டத்தில் அடைக்கும்; பத்தடிக்கு ஒருமுறை குச்சியால் சுரண்ட வேண்டும். பாதை முற்றிலும் கெட்டுப்போன இடங்களில் அவர்கள் இரயில் தண்டவாளத்துக்கு மாறினார்கள். ஸ்லீப்பர் கட்டைகளின்மேல் தடதடவென்று ஓட்டுவது, இயலாதபோது சல்லிக்கற்களின்மேல் தள்ளுவது. உடம்பின் ஒவ்வொரு மூட்டையும் உலுக்கும் அந்த ஓட்டம் சேற்றைவிட மேலென்று பட்டிருக்கிறது என்றால் சேறு எப்படி இருந்திருக்கும்!

ஜூன் கடைசியில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தை அடைந்தார்கள். 21 ஆண்டுகளுக்கு முன், 1876-இல், ஏறக்குறைய அதே நாட்களில் கஸ்டரும் அவரது குதிரைப்படையினர் பலரும் லகோட்டா, செயேன் மக்களின் கையில் மடிந்த இடம். பூர்வகுடிகளின் நிலத்தைப் பறித்த படையின் சீருடையில், அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கே வந்து நின்றார்கள். நம் காலத்து எழுத்தாளர் சிலர் இந்தச் சிப்பாய்களை முழுக்க முழுக்க நாயகர்களாக்கி எழுதுகிறார்கள். அவர்கள் காத்த கோட்டைகள் யாருக்கு எதிராகக் கட்டப்பட்டவை என்பதையும் சேர்த்து எழுதுவதே வரலாற்றுக்கு நேர்மை. அதனால் அவர்களுடைய துயரின் அளவு குறைந்துவிடாது.

வயோமிங்கைக் கடந்து நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் இறங்கியபோது வெயில் 110 பாகையைத் தொட்டது. ஏறத்தாழ 170 மைல் மணல். சக்கரம் புதையும், இறங்கித் தள்ளினால் கால் புதையும். குடிக்கக் கிடைத்ததோ காரம் ஏறிய நீர். மாஸ் உட்படப் பலர் அதைக் குடித்து நோயுற்றார்கள். இரவில் நிலவொளியில் தள்ளிச் சென்றும், பகல் வெயிலில் படுத்தும் அந்த நிலத்தைக் கடந்தார்கள். மலையில் பட்டதைவிட இங்கே பட்டது அதிகம் என்பதே மாஸின் குறிப்புகளிலிருந்து நாம் பெறும் எண்ணம்.

ஜூலை 24 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் பெருங்கூட்டம் அவர்களை வரவேற்றது. உள்ளூர் மிதிவண்டிக்காரர்கள் எதிர்கொண்டு அழைத்துச் சென்றார்கள். மொத்தம் 41 நாட்கள். அதில் உண்மையில் பயணம் செய்தவை 34. நாளொன்றுக்குச் சராசரி 56 மைலுக்குச் சற்றுக் குறைவு. மாஸ் தம் அறிக்கையில் சோதனை வெற்றி என்றார். சிப்பாய்கள் இரயிலில் மிசூலா திரும்பினார்கள்.

இந்தப் பயணத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் இருவர் வழியே வந்தவை: மாஸின் அறிக்கைகள், பூஸின் செய்திக்கட்டுரைகள். எத்தனை டயர் மாற்றினோம், எத்தனை மைல் ஓட்டினோம், வண்டியின் எந்தப் பாகம் எங்கே உடைந்தது என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. ஓட்டியவர்கள் பேசிய சொல் மிகக் குறைவு. சோதிக்கப்பட்டது வண்டி, மனிதர்கள் சோதனைக்கான கருவிகள். மிதிவண்டி மலையைத் தாண்டுமா என்பதே இராணுவத்தின் கேள்வி. ஒரே பல்சக்கரத்தோடு 27 கிலோ வண்டியை முல்லன் கணவாயில் ஏற்றும் மனிதன் எத்தகையவன் என்பதைக் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. ஓடத் தெரியாதவர்களை, ஒழுங்கு தெரியாதவர்களை யாரும் இந்தப் பயணத்துக்கு நம்பி அனுப்பியிருக்கமாட்டார்கள் என்பது மட்டும் சொல்லப்படாமலே விளங்குகிறது. அந்த ஒழுங்குக்குப் பின்னாளில் எந்த மதிப்பும் இல்லாமற் போனதுதான் கதையின் மறுபாதி.

அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகலாம் என்று மாஸ் விரும்பினார். 1898-இல் ஸ்பெயினோடு போர் மூண்டது. 25-ஆவது காலாட்படை கியூபாவுக்கு அனுப்பப்பட்டு எல் கானே சண்டையில் பங்கேற்றது. மிதிவண்டிப்படை அத்தோடு முடிந்தது. கியூபாவில் தியோடர் ரூஸ்வெல்ட்டின் தன்னார்வப் படையினர் உணவின்றி இருந்தபோது, அவர் கேட்டதன்பேரில் தம் ஆட்கள் காய்ந்த ரொட்டியைப் பகிர்ந்துகொடுத்தார்கள் என்று சாண்டர்ஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். பின்னர் பிலிப்பைன்ஸிலும் அவர் போரிட்டார்.

1906-இல் அப்படையின் முதல் பட்டாளம் டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் நகரை ஒட்டிய கோட்டைக்கு மாற்றப்பட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் நகரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மதுக்கடைப் பணியாளர் ஒருவர் இறந்தார். காவல் அதிகாரி ஒருவர் காயமுற்றார். கறுப்பினச் சிப்பாய்களே சுட்டார்கள் என்றது நகரம். சிப்பாய்கள் கொட்டடியில் இருந்ததாக அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே கூறினார்கள். எந்த ஒரு சிப்பாய்மீதும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை; வழக்கு மன்றமும் இராணுவ மன்றமும் கூடவில்லை. குற்றவாளியைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறார்கள் என்று சொல்லி 167 பேரை மதிப்பின்றிப் படையிலிருந்து நீக்கினார் குடியரசுத் தலைவர். அவர் பெயர் தியோடர் ரூஸ்வெல்ட். காங்கிரஸ் தேர்தல் முடியும்வரை ஆணை வெளியிடப்படாமல் வைக்கப்பட்டிருந்தது. புக்கர் டி. வாஷிங்டன் முன்பே வேண்டிக்கொண்டும் பயனில்லை. நீக்கப்பட்டவர்களுள் பி கம்பெனியின் முதல் சார்ஜன்ட் மிங்கோ சாண்டர்ஸும் ஒருவர். 26 ஆண்டுப் பணி முடித்திருந்தார். ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற இன்னும் இரண்டு ஆண்டுகூட இருக்கவில்லை.

சாண்டர்ஸ் வாஷிங்டன் சென்று முறையிட்டார். செனட்டர் ஃபோரேக்கர் இவர்களுக்காக வாதாடி, அதன் விலையாகத் தம் அரசியல் வாழ்வை இழந்தார். 1910-இல் இராணுவ விசாரணை மன்றம் 14 பேருக்கு மட்டும் மீண்டும் சேர அனுமதி தந்தது. யாரை எதனால் தேர்ந்தோம் என்று விளக்கம் தரவில்லை. சாண்டர்ஸ் அந்தப் பதினால்வரில் இல்லை. 1929-இல் அவர் இறந்தார்.

1970-இல் ஜான் வீவர் என்னும் எழுத்தாளர் பிரவுன்ஸ்வில் நிகழ்வை ஆராய்ந்து எழுதிய நூல் வெளிவந்தது. அதன்பின் 1972-இல் இராணுவம் 167 பேரின் நீக்கத்தையும் மதிப்புடன் கூடிய விலகலாக மாற்றியது. அப்போது உயிரோடு இருந்தவர்களுள் ஒருவர் டார்சி வில்லிஸ். மின்னியாபொலிஸ் நகரின் முடிதிருத்தகம் ஒன்றில் பல பத்தாண்டுகள் காலணி துடைத்து வாழ்ந்தவர். அவருக்கு 25,000 டாலர் வழங்கப்பட்டது. இறந்துவிட்டவர்களின் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1974-இல், மொன்டானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழுவினர் 1897-இன் வழியிலேயே மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை மிதிவண்டியில் சென்றார்கள். அதன் பிறகும் அந்த வழியைத் தேடிச் சென்றவர்கள் உண்டு. பெரும்பகுதி தார்ச்சாலையாகிவிட்டது. முல்லன் கணவாயின்மேல் ஏறும் பாதை மட்டும் இன்றும் சரளைதான்.